ஊருக்கென்று வைத்திருந்த பல்

வாயைத் திறக்கச் சொல்லாத பல் டாக்டரை நான் புனேயில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஔந்து பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அவருடைய கிளினிக். மேதா டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, நேராகப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்து, கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் கையுறைகூடப் போடாமல் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து உட்காருங்கள், இன்றைக்குப் பேச்சு மட்டும்தான் என்றார் இந்தியில். எதற்குப் பயம், ஊசிக்கா, மெஷின் சத்தத்துக்கா, வலிக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கராடி பக்கம் ஒரு ஆபீசில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிற நான், நாற்பத்து மூன்று வயதில், மூன்றுக்கும்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டில் குறித்துக்கொண்டார்.

எத்தனை நாளாக வலி என்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டு வருடம் என்றேன். பயத்தில் வராமல் இருந்தீர்களா என்றார். இல்லை, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன் என்றேன். அப்படியானால் அங்கே நல்ல டாக்டர் இருக்கிறாரா? இல்லை, அங்கே இருப்பவர் நோயாளிகளைத் திட்டுவார். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதற்காக அவரிடம் போக வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல என் இந்தி போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாங்கள் இங்கே சில காரியங்களைச் செய்துகொள்வதில்லை, லீவுக்கென்று எடுத்து வைக்கிறோம். கண்ணாடி மாற்றுவது, ஜாக்கெட் தைப்பது, பிள்ளைக்கு மொட்டை, தீராத முதுகுவலி, எல்லாம் தீபாவளி வரைக்கும் காத்திருக்கும். போன பிறகு பத்து நாளில் எட்டு நாள் கல்யாணம், காதுகுத்து என்று கழிந்துவிடும். வலியை வைத்தது வைத்தபடி எடுத்துக்கொண்டு திரும்ப ரயிலேறுவோம். ஊறுகாய் பாட்டிலை மறந்தாலும் பல்வலியை மறக்காமல் கொண்டுபோய்க் கொண்டுவருகிறீர்கள் என்று என் மனைவி செல்வி சொல்லிக் காட்டுவாள்.

என் பல்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா கோயமுத்தூரில், சிங்காநல்லூரில், என் தங்கையோடு இருக்கிறாள். முழங்கால் வலியால் இங்கே வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் ஒருநாளும் எப்போது வருகிறாய் என்று கேட்டதில்லை. கேட்டால் மகனுக்குச் சங்கடமாகிவிடுமாம். அதற்குப் பதிலாகப் பல்லைக் கேட்பாள். "பல்லு எப்புடி இருக்குது சாமி? வந்தீன்னா பாத்துப்போட்டுப் போயிரலாம்." நானும் சரி என்பேன். அந்தச் சரியில்தான் அவளுக்கு அடுத்த ஞாயிறு வரை ஓடியது.

பதினோரு வயதில் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். திட்டுகிற அந்த ஊர் டாக்டருக்கு அடியாத மாடு படியாது என்பதுதான் வைத்திய சாஸ்திரம். ஆம்பளைப் பையன் அழுவானா என்று அவர் தலைமாட்டில் அதட்ட, அம்மா கால்மாட்டில் நின்று என் இரண்டு கால் கட்டைவிரல்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியில் பல்வலி பாதி மறந்துபோனது. திரும்பி வரும்போது பஸ்ஸில், உன்னைவிட எனக்குத்தான் பயம் என்று சொன்னாள்.

இந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கன்னம் வீங்கிவிட்டது. அந்த முதல் நாள் செல்விதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் முறை போனபோது எக்ஸ்ரேயைக் காட்டி, இப்போது ரூட் கெனால் செய்தால் பல் தங்கும், தீபாவளி வரை வைத்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். எனக்கோ பல் தங்கினால் போகிற விஷயம் ஒன்று இருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.

ஈறில் மருந்தைத் தடவி, மரக்கும் வரை காத்திருந்து, ஊசியைச் சொட்டுச் சொட்டாகப் போட்டார். இப்போது சத்தம் வரும், இப்போது தண்ணீர் வரும், பத்து எண்ணுவதற்குள் நிறுத்திவிடுவேன் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும், உடனே நிறுத்துவேன், எத்தனை தரம் வேண்டுமானாலும் தூக்கலாம் என்பது அவருடைய சட்டம். நடுவில் ஒரு இடம் சுரீரென்றது. நான் தூக்கவில்லை. வேலை செய்கிற டாக்டரை நிறுத்தச் சொல்வதாவது! அப்படியா வளர்த்தார்கள் எங்களை?

அவராகவே நிறுத்தினார். என் வெறுங்காலைக் காட்டினார். விரல்கள் பத்தும் மடங்கி இழுத்துக்கொண்டிருந்தன. கை சொல்லாததைக் கால் சொல்கிறதே என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு அம்மாவைத் தேடியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேடித் தேடி அழுகை வந்தது. "அபி பீ தர்த் ஹை?" இன்னும் வலிக்கிறதா என்று டாக்டர் பதறினார். இல்லை என்று தலையாட்டினேன். நம்பாமல் மேலும் ஐந்து நிமிடம் பொறுத்தார். அவ்வளவு பதமாக என் வாயில் யாரும் கை வைத்ததில்லை. அதன் பிறகு வலிக்கவே இல்லை.

கீழே இறங்கி, செல்வி ஸ்கூட்டரை எடுத்துவரும் வரை பேக்கரி வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். வலது பக்கம் மரத்துப்போய்ப் பேச்சு குழறியது.

"பல்ல இங்கயே பாத்துட்டேம்மா."

"வலிச்சுதா சாமி?"

"இல்லம்மா."

"அப்பச் செரி." பிறகு, எனக்கு வழிவிடுவதுபோல் அவளாகவே சொன்னாள். "தீவாளிக்கு உனக்கு வேல ஜாஸ்தியா இருக்குமல்லொ கண்ணு."

"இன்னொரு பல்லும் நோவுதும்மா," என்றேன். "அத அங்க வந்துதான் பாக்கோணும்."

"ஐயோ, எந்தப் பக்கஞ் சாமி?" அம்மாவின் குரல் நிமிர்ந்துவிட்டது.

புனேயில் மரத்த கன்னத்தில் போனை ஒட்டிக்கொண்டு, நோவே இல்லாத மறு கன்னத்தைக் கையால் பொத்திப் பிடித்தேன்.

"எடது பக்கம்மா."