முகமூடியோடு முந்நூற்றிநாலு

என் மனுசனுக்குக் குதிரைப் படம் என்றால் பைத்தியம். வேலையால் வந்து சாப்பிட்டவுடன் சோபாவில் சரிந்து அதைத்தான் போடுவார். எல்லாம் ஒரே கதை. புழுதி பறக்கிற ஊர், ஒரு சாராயக்கடை, மேசையைச் சுற்றிச் சீட்டு விளையாடும் ஆட்கள். ஒருத்தன் சட்டைக் கைக்குள் சீட்டை ஒளித்து வைத்திருப்பான். ஒரு அப்பாவி தோற்றுக்கொண்டே இருப்பான். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு முகமூடி போட்டவன் வருவான். கள்ளனின் கையைப் பிடித்து உதறுவான். சீட்டு விழும். இவர் தொடையில் தட்டுவார்.

"பார்த்தீரே? பிடிச்சிட்டான்!"

"நேற்றும் பிடிச்சவன்தானே" என்பேன்.

அந்த அப்பாவி தான்தான் என்பது இவருடைய நினைப்பு. சனிக்கிழமைப் பின்னேரங்களில் பென்டில் ஹில்லில் இவருடைய சிநேகிதரின் கராஜில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். நாலு பேர் விளையாடுவார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. தோற்ற சோடி, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அடுத்த ஆட்டம் வெல்லும் வரை. இவர் வீட்டுக்கு வரும்போது காது மிளகாய்ப்பழம் போல் சிவந்திருக்கும்.

"அலாப்புறாங்கள்" என்பார். விளையாட்டில் கள்ளம் செய்வதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "ரெண்டு பேரும் ஏதோ சைகை காட்டுறாங்கள். என்னெண்டுதான் பிடிபடேல்லை."

ஒரு கிழமை வந்து, "இனி அங்கை போகமாட்டன். அவனுக்கும் சொல்லிப்போட்டன்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று எங்களை விமானநிலையத்தில் வந்து ஏற்றியவர் அந்தச் சிநேகிதர். அவரை விட்டால் இவருக்கு வேறு ஆள் இல்லை. இவர் யாரோடும் லேசில் ஒட்டுகிற மனிதரும் இல்லை. அவர்கள் முறிந்தால் சனிக்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் காலடியில்தான் கிடப்பார். ஆனால் கள்ளம் என்றால் அதையும் என்னால் பொறுக்க முடியாது. என் மனுசனை ஏய்க்க இவர்கள் யார்?

அடுத்த சனிக்கிழமை இவருடைய சோடிக்காரர் வெரிபீயில் மகள் வீட்டில் நின்றார். நான் சீட்டில் மோசமில்லை. அண்ணன்மாரோடு சண்டை பிடித்து விளையாடிப் பழகியவள்.

"வெளிக்கிடுங்கோ. இண்டைக்கு உங்கடை சோடி நான்."

எனக்கு உண்மையிலேயே தடிமன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதுவே நல்ல சாட்டாகப் போயிற்று. மாஸ்க் பெட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"எல்லாரும் போடுங்கோ. பிறகு என்னாலை வருத்தம் வந்தது எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

சிநேகிதர் முழித்தார். "தங்கச்சி, இது கராஜோ, ஆஸ்பத்திரியோ?"

"போடுங்கோ அண்ணை."

போட்டார்கள். இனி வாயாலும் மூக்காலும் என்ன சைகை காட்டுகிறீர்கள் பார்ப்போம் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு இருந்தேன். சிநேகிதரையே பார்த்தேன். அவருக்கு எதிரே சோடியாக இருந்தது அவருடைய மைத்துனர். அந்தப் பக்கம் அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. என் மனுசனின் முகத்தையே பார்த்தார். படம் ஓடும்போது டிவி நின்றுபோனவர் போலத் தவித்தார்.

அப்போதுதான் நானும் என் மனுசனைப் பார்த்தேன். மாஸ்க்கின் வலது பக்கம் உள்ளே தேசிக்காய் வைத்தது போல் உப்பியது. வடிந்தது. மறுபடி உப்பியது. புருவம் இரண்டும் ஏறி இறங்கின.

"என்னப்பா, பல்லுக் கொதியோ?"

இல்லை என்று தலையாட்டினார். இன்னும் பெரிதாக உப்பினார்.

சிநேகிதர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மாஸ்க் கழன்று நாடியில் தொங்கியது.

"தங்கச்சி, அது பல்லுக் கொதி இல்லை. வலது கன்னம் உப்பினா அவனிட்டை ஜாக் இருக்கு, எல்லாத்திலும் பெரிய சீட்டு. இடது கன்னம் எண்டா ஏலத்திலை கூடக் கேள் எண்டு அர்த்தம். உதட்டை நக்கினா கையிலை ஒண்டும் இல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தக் கராஜுக்கே தெரியும். நாங்கள் எங்கடை சீட்டைவிட அவன்ரை மூஞ்சையைத்தான் கூடப் பார்க்கிறது."

நான் என் மனுசனைப் பார்த்தேன். அவர் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த துரும்புச் சீட்டைப் பார்த்தார்.

"அப்ப அலாப்பினது நீங்களோ?"

"வெல்லாத அலாப்பு ஒரு அலாப்போ?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பக்கத்துக்கும் நன்றாகக் கிடைத்தது. இவருக்குக் கள்ளம் செய்ததற்கு. அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாததற்கு இன்னும் கொஞ்சம். சிநேகிதருக்கு, தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு.

"சொல்லியிருந்தா நாங்கள் எப்பிடி வெல்லுறது தங்கச்சி?" என்றார் மைத்துனர். அவருக்கும் கிடைத்தது.

"மாஸ்க்கை மேல இழுங்கோ. வாயைப் பொத்திக்கொண்டு நேர்மையா விளையாடுங்கோ."

விளையாடினோம். பார்க்க மூஞ்சை இல்லாததால் சிநேகிதர் கண்ணை மூடிக்கொண்டு கூடக் கேட்டு மாட்டிக்கொண்டார். நாங்கள் வென்றோம். என் மனுசன் எழும்பிப் போய்த் தன் கையாலேயே அவர் காதில் கிளிப்பை மாட்டினார். தொடையில் தட்டினார்.

சிநேகிதர் காதைத் தடவிக்கொண்டு, "மச்சான், அடுத்த கிழமை வருவியோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மட்டும் பகிடி இல்லை.

"வராமல்?"

திரும்பி வரும்போது இவர் காரில், "நீர் அந்த முகமூடிக்காரன் மாதிரித்தான் வந்தனீர்" என்றார்.

"அவன் பிடிக்கிறது கள்ளனை. நான் போய்ப் பிடிச்சது அப்பாவியை."

அடுத்த சனிக்கிழமை சோடிக்காரர் வெரிபீயால் வந்துவிட்டார். இவர் வெளிக்கிடும்போது பெட்டியில் ஒரு மாஸ்க் எடுத்தார்.

"தடிமனோ?" என்றேன்.

"இல்லை. இந்த முகம் சொல்வழி கேட்குதில்லை."

பின்னேரம் காது சிவந்துதான் வந்தார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் குதிரைப் படம் போட்டார்.