விஜயா மாமி துனுச்சி எடுத்த நவமி

பவானிபூரில் எங்கள் தெரு துர்க்கா பூஜையில், நவமி சாயங்காலம் நடக்கும் வினாடி வினாவுக்கு ஒரு சட்டம் உண்டு. கேள்வி தப்பென்று ஆகிவிட்டால், அதைக் கேட்டவர் துனுச்சி எடுத்து ஆட வேண்டும். துனுச்சி என்பது தேங்காய் நார் நெருப்பில் சாம்பிராணி புகையும் மண்சட்டி. தெருவுக்கே அண்ணனான ரஞ்சன்தா கேள்வி கேட்ட காலமெல்லாம் ஒரு தடவைகூட ஆடியதில்லை. கேள்வி தப்பென்று யாராவது வாய் திறந்தால், "என் தீர்ப்பே முடிவு" என்று மைக்கை நிறுத்திவிடுவார்.

இந்த வருஷம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக், வங்காளிப் பிள்ளைகள் மாஷிமா என்றும் பெரியவர்கள் விஜயாதி என்றும் கூப்பிடும் விஜயா மாமியிடம் வந்தது.

மாமி வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அகராதியை நாவல் போலப் படிப்பவர். ஒரு சொல்லின் பூர்வீகத்தைப் பிடித்துவிட்டால் குக்கர் விசில்கூடக் காதில் விழாது. ஆனால் நாலு பேர் முன்னால் ஆடுவதென்றால் அவருக்கு உயிர் போய்விடும். மகள் கல்யாணத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர். ஆகவே கடைசிக் கேள்வியை யாரும் அசைக்க முடியாதபடி செதுக்கினார்.

"வலிமை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். மூக்குக் கண்ணாடிக்கும் உண்டு, ஹோமியோபதி உருண்டைக்கும் உண்டு. வேரைத் தோண்டினால் 'முடியும்' என்றுதான் அர்த்தம். எது?"

கணவர் விஸ்வநாதன் உதட்டைப் பிதுக்கினார். "மூக்குக் கண்ணாடின்னு சொன்னா கொழந்தைகூடச் சொல்லிடும், விஜி. உருண்டையும் வேண்டாம். எடுத்துடு."

எடுத்துவிட்டார். அங்கேதான் வினை.

இரண்டு அணிகளும் சமமாக நின்றபோது அந்தக் கேள்வி வந்தது. கல்லூரியில் படிக்கும் மேக்னா முந்திக்கொண்டு மணியை அடித்தாள். "மைட்."

"இல்லை, பவர். லத்தீன்ல 'முடியும்'ங்கற சொல், பிரெஞ்சு வழியா வந்தது. 'பாசிபிள்' அதோட தங்கை."

"மைட்டும் அப்படித்தானே மாஷிமா? அது பழைய இங்கிலீஷ். 'மே' அதோட சொந்தக்காரன். அந்தக் காலத்துல 'மே'ன்னாலும் 'முடியும்'தான்."

அவள் சொன்னது சரி. அகராதியில் அந்தப் பக்கத்தையும் மாமி ரசித்துப் படித்திருந்தார். மேளக்காரர்கள் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"தீர்ப்பு உங்களோடது, விஜயாதி," என்றார் ரஞ்சன்தா கரகரத்த குரலில். "மைக்கை நிறுத்துங்க. நான் நிறுத்தாததா?"

மாமியின் கட்டைவிரல் விசையின்மேல் போயிற்று. மேக்னாவைப் பார்த்ததும் திரும்பி வந்தது.

"ரெண்டும் சரி. என் கேள்விதான் தப்பு. பாயிண்ட் மேக்னாவுக்கு."

பந்தல் அதிர்ந்தது. விஸ்வநாதன் ஓடி வந்தார். "விஜி, உன் முழங்கால்..."

"மூக்குக் கண்ணாடியை எடுக்கச் சொன்னது யாரு? நீங்களும் வாங்கோ. இன்னொரு சட்டி இருக்கு."

முதல் சுற்றில் மாமி யாரையும் பார்க்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டு ஆடினார். அடுத்ததில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். விஸ்வநாதன் சூடான டபராவைத் தூக்குகிறவர் மாதிரி சட்டியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே குதித்தார். புகையில் துர்க்கையும் சிங்கமும்கூடச் சுற்றுவதுபோல் இருந்தது. கடைசியில் கை ஓய்ந்தது மேளக்காரர்களுக்குத்தான்.

"நிறுத்தாதீங்க," என்றார் மாமி மூச்சு வாங்கியபடி. "இது என் ஒரு கேள்விக்குத்தான். ரஞ்சன்தாவோடது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

புகையும் சட்டியை அவரிடம் நீட்டினார். ரஞ்சன்தா தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"ஆடறதுக்குத் தொண்டை எதுக்கு?" என்றாள் மேக்னா.