இரண்டு நிலாவும் ஒரு அனாதையும்

காலாப்பட்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் இணையத்தில் படக்கதை போடுபவராம். தாடியை நீவியபடியே, வேற்றுலகில் நடக்கும் தன் கதையைச் செல்போனில் காட்டினார். கதாநாயகன் வழக்கம்போல அனாதை. உலகைக் காக்கவே பிறந்தவன். வானத்தில் இரண்டு முழுநிலா. கீழே, அலை தொடும் இடத்தில் படகுகள்.

வைத்திக்குப்பத்து மீனவனான எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரு பௌர்ணமிக்கே கடல் ஏறும்னு நாங்க படகை மேல இழுத்து வெச்சிடுவோம். ரெண்டு நிலாவுக்கு இந்தப் படகெல்லாம் இங்க நிக்குமா தம்பி?”

“அது வேற உலகம்ணே. அங்க கடல் அப்படித்தான்.”

“கடலையே மாத்திட்ட. அந்தப் பையனோட அப்பா அம்மாவ உசுரோட விடக்கூடாதா?”

தாடியில் இருந்த கை நின்றது. “அது எப்படிண்ணே? கதைக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?”

நிலாவுக்கே அடங்காத கடலைத் துணிந்து படைத்தவர், ஒரு பையனுக்குப் பெற்றோரை விட்டுவைக்க ஏன் அப்படிப் பயந்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.