கேக் மாவும் மெட்ராஸ் வண்டியும்

எங்கள் வீட்டு ஷோகேஸின் நடுத்தட்டில் ஒரு கேக் மாவுப் பெட்டி இருந்தது. இடப்பக்கம் தலையாட்டும் பொம்மை, வலப்பக்கம் அப்பா ரயில்வே கேரம் போட்டியில் வாங்கிய கோப்பை, நடுவில் அந்த மஞ்சள் அட்டைப்பெட்டி. புனேயின் கோர்படி ரயில்வே காலனியில் எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். “குவைத்தா?” என்பார்கள். “குவைத்துதான்” என்று அப்பா நெஞ்சு நிமிர்த்துவார். அனுப்பியது யார் என்று கேட்டால் மட்டும், “சொந்தக்காரங்க” என்று பேச்சை முடித்துக்கொள்வார்.

அந்தச் சொந்தக்காரங்க என் அம்மாவின் ஒரே தங்கை. குவைத்தில் நர்ஸ். உடன் வேலை பார்த்த ஒரு மலையாளியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சித்தி எழுதிய நாளிலிருந்து, அவள் பேச்சு வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவரும் கிறிஸ்தவர், நாங்களும் கிறிஸ்தவர்கள். ஆனால் சபை வேறு, பாஷை வேறு, எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவைக் கேட்கவில்லை. அதன்பின் வந்த இரண்டு கடிதங்களை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மூன்றாவது கடிதம் வரவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடுப்பில் ஊருக்குப் போகிற வேறொரு நர்ஸ் அந்தப் பெட்டியுடன் எங்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள்.

“அக்கா கையிலதான் குடுக்கணும்னு சொன்னாங்க. வச்சுக்கிட்டே இருக்காம சீக்கிரம் செஞ்சு சாப்பிடச் சொன்னாங்க” என்றாள். டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

கடிதத்தைத் திருப்பி அனுப்பிய அப்பாவுக்குப் பெட்டியைத் திருப்ப மனம் வரவில்லை. பெயர்தான் வீட்டுக்குள் வரக் கூடாது, பெட்டி ஷோகேஸில் இருக்கலாம். அம்மாவோ அதை உடைக்கவே விடவில்லை. என் பிறந்தநாளுக்கு என்றாள், போனது. தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பலகாரத்துக்குப் பதில் செய்வோம் என்றாள், அதுவும் போனது. தினமும் துணியால் பெட்டியைத் துடைத்து, படம் முன்னால் தெரியும்படி திருப்பி வைப்பாள். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். கான்வென்ட்டில் படித்ததால் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் இந்தி, தெருவில் மராத்தி. தமிழ் வீட்டில் பேசுவதற்கு மட்டும். ஓர் எழுத்து தெரியாது. பேசும் தமிழும் என்னுடையது ஒரு தினுசு. இந்தியில் வண்டி பெண், பஸ் பெண், ரொட்டியும் பெண். அதை அப்படியே கொண்டுவந்து, “பஸ் வந்துட்டா”, “ரொட்டி கருகிட்டா” என்பேன். அப்பா சிரித்துச் சிரித்து இருமுவார். “பஸ் என்ன ஒன் சேக்காளியாட்டி? சேலை கட்டியிருந்தாளா?” என்பார். அம்மா சிரிக்க மாட்டாள். “வந்துட்டா இல்லட்டி. வந்துட்டுன்னு சொல்லணும். மனுசிக்குத்தான் ‘டா’ வரும்” என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் திருத்துவாள். அம்மாவின் ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆக, எங்கள் வீட்டில் நான் வாசிப்பதை அவளால் வாசிக்க முடியாது, அவள் வாசிப்பதை என்னால் வாசிக்க முடியாது.

டிசம்பர் லீவு விட்டது. ஷோகேஸைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் தேதி. இந்த மாதத்தோடு சரி, அதற்குப் பிறகு உபயோகிக்கக் கூடாது!

அம்மாவிடம் ஓடினேன். “யம்மா, கேக் மாவு செத்துப் போயிருவா!”

“மாவு எங்ஙனயாவது சாவுமா? போ அங்கிட்டு” என்று அம்மா கோயில் பெண்கள் சங்கத்துக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி. அப்பா டியூட்டியில்.

பெட்டியின் பின்பக்கம் எனக்கு மனப்பாடம். முட்டை வேண்டாம், அடிக்க வேண்டாம், பிசைய வேண்டாம். தட்டில் சாறோடு பழத்தைப் போடு, மேலே மாவைக் கொட்டு, அதன்மேல் வெண்ணெயைத் துண்டு துண்டாக வை, சுட்டு எடு. ஒரு முட்டாள்கூடச் செய்யலாம் என்பதை மரியாதையான இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். நான் முட்டாள் இல்லையே. குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்த மரத்தில் கொய்யா பறித்தேன். சீனி போட்டு வேகவைத்து, இரண்டு நாக்பூர் ஆரஞ்சைப் பிழிந்து ஊற்றினேன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, காலனியிலேயே கிடையாது. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லோரும் டின்னைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குத்தான் போவோம். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் சூட்டில் நம் கேக்கை வைத்து எடுத்துத் தருவார்கள்.

பேக்கரிக்காரர் என் டின்னை எட்டிப் பார்த்தார். அதில் இன்னும் எதையும் போட்டிருக்கவில்லை. பழம் தூக்குச்சட்டியில், பெட்டி கக்கத்தில்.

“காகஸ் கிதர் ஹை, பேபி?” என்றார். அடியில் காகிதம் போடாவிட்டால் பழச்சாறு டின்னோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் இன்னும் நாலு பேர் டின்னோடு நின்றார்கள். “ஜல்தி, ஜல்தி!”

பெட்டியைக் கிழித்தேன். உள்ளே மாவு ஒரு பையில். பைக்கும் அட்டைக்கும் நடுவில், மடித்த ஒரு தாள். ஒரு பக்கம் நீல மையில் நெருக்கி நெருக்கித் தமிழ். மறுபக்கம் வெறுமை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு யோசனையாக வைத்திருக்கிறார்கள், காகிதத்தோடேயே! குவைத்துப் பெட்டிக்குள் தமிழ் எப்படி வந்தது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மை உணவில் படக் கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது. எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு, வெறும் பக்கத்துக்கு, வெண்ணெய்க்குப் பதில் கொண்டுபோயிருந்த வனஸ்பதியைத் தடவி, பழத்தைக் கொட்டினேன். அந்தக் கவனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சுட்டு வந்தபோது மேலே பொன்னிறம், ஓரமெல்லாம் சாறு கொதித்து முத்து முத்தாக நின்றது. வழி முழுக்க ஏலக்காய் போடாத ஏதோ ஒரு வெளிநாட்டு வாசனை.

அம்மா திரும்பி வந்தபோது ஷோகேஸின் நடுத்தட்டு காலி. மேஜையில் டின். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அடி விழும் என்று முதுகைத் தயார் செய்துகொண்டேன். அவள் அடிக்கவில்லை. “சரி, செஞ்சாச்சு” என்று உட்கார்ந்தாள். கரண்டியால் ஒரு துண்டை எடுத்தாள். காகிதமும் சேர்ந்து வந்தது. அதை உரித்துப் போடப் போனவள் நின்றாள்.

எண்ணெய் குடித்த காகிதம் கண்ணாடிபோல ஆகியிருந்தது. நடுவில் சாறு இறங்கி, மை கரைந்து, ஒரு நீலக் குளம். ஓரங்களில் எழுத்து நின்றது. அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இந்தக் காயிதம் எங்க இருந்துச்சுட்டி?”

“பொட்டிக்குள்ள. கேக்கு போடுறதுக்கு வச்சிருந்தாங்க.”

அம்மா வாசித்தாள். வெகுநேரம் வாசித்தாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் டின்னின் மறுபக்கத்தைச் சுரண்டித் தின்றேன். நல்ல ருசி. பிறகு அம்மா, “சித்தி எழுதியிருக்கா. ஊருக்குப் போற வழியில மெட்ராஸ் வண்டியில இங்க வாராளாம். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கா” என்றாள்.

“எப்பம்?”

“தேதி அழிஞ்சு போச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். அழித்தது நான் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. டின்னைச் சுரண்டுவதை நிறுத்தினேன். “அப்பாகிட்ட சொல்லாத” என்றாள். கொய்யாவுக்கு இனிப்பு சரியாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

புனேத் தமிழர் வீடுகளுக்கு விருந்தாளிகள் வந்து தங்குவதைவிட, பிளாட்பாரத்தில் கடந்துபோவதுதான் அதிகம். பம்பாயிலிருந்து வரும் மெட்ராஸ் வண்டி புனேயில் மின்சார என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டும். அந்தக் கால் மணி நேரம்தான் எங்களுக்குக் கல்யாணம், காதுகுத்து எல்லாம். ஜன்னல் கம்பி வழியே புளிச்சோற்றுப் பொட்டலம் உள்ளே போகும், பிறந்த பிள்ளை வெளியே காட்டப்படும், அழுகை, சிரிப்பு, விசில்.

மறுநாள் சாயங்காலம், அப்பா டியூட்டிக்குப் போனதும், அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். கேக்கை ஒரு டப்பாவில் போட்டு, ஸ்பூனும் வைத்து எடுத்துக்கொண்டாள். வண்டி வந்தது. அம்மா முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வண்டி போனது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை நின்றாள்.

“போயிட்டா” என்றாள்.

எனக்கு ஆச்சரியம். நான் சொன்னால் தப்பு, அம்மா சொன்னால் சரியா? சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கடைசியில் அம்மாவும் என் தமிழுக்கு வந்துவிட்டாள்.

அதற்கடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் லேடீஸ் பெட்டியில் ஒரு பெண், முக்காடு போட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தாள். திரும்பியது வேறு முகம்.

“யாரைத் தேடுறீங்கக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“எந்தங்கச்சிய.”

“எந்தப் பெட்டின்னு சொல்லலியா?”

“சொன்னா. நாந்தான் கேக்கல” என்றாள் அம்மா. அந்தப் பெண்ணின் மடியிலிருந்த பிள்ளை டப்பாவையே பார்த்தது. அம்மா மூடியைத் திறந்து, ஸ்பூனோடு டப்பாவை உள்ளே நீட்டிவிட்டாள். டப்பா திரும்பி வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றும் போனோம். புதுச் சட்டையோடு போனேன். பிளாட்பாரத்து டீக்காரர் எங்களைப் பார்த்துப் பழகிவிட்டார். “காய் தாயீ, ஆஜ்பண் நாஹி?” என்பார், இன்றைக்கும் வரவில்லையா என்று. அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். எனக்கு ஓசியில் பாதி டீ கிடைக்கும். என்ஜின் மாற்றுவதை மிக அருகில் பார்த்தேன், பெட்டிகளை எண்ணினேன், ஊர்ப்பெயர்ப் பலகைகளை இங்கிலீஷில் சத்தம் போட்டு வாசித்தேன். உண்மையைச் சொன்னால், அதைவிட நல்ல லீவு எனக்கு வாய்த்ததில்லை. குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. நான் அழித்த தேதி எந்த நாளாகவும் இருக்கலாமே, இன்றைக்கே வந்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று ஜெபம் செய்துகொண்டேதான் டீ குடித்தேன். வண்டி நகரும். அம்மா “போயிட்டா” என்பாள். வீட்டுக்கு வருவோம்.

ஸ்கூல் திறந்ததும் போவது நின்றது. அம்மா சித்தியின் ஹாஸ்டல் விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள்; அப்படி ஒருவர் இப்போது இங்கே இல்லை என்று அது திரும்பி வந்தது. சித்தியிடமிருந்து பிறகு ஒரு வரியும் வரவில்லை. நடுத்தட்டில் அப்பா ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தை வைத்தார்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்குத் தமிழ்ப் பைத்தியம் பிடித்தது. எந்தப் பைத்தியமும் எனக்கு ஆறு மாதம்தான் நிற்கும், இது நின்றுவிட்டது. கோயில் பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்துப் பாடிப் பாடியே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஒருநாள் அம்மாவின் பைபிளை எடுத்தேன். நடுவில் அந்தக் காகிதம். அதன் எண்ணெய் இரண்டு பக்கமும் ஊறி, வேதவசனங்களையும் கண்ணாடியாக்கியிருந்தது.

நீலக் குளத்தின் மேல் ஓரத்தில்: “அக்கா, அத்தான் கண்ணில் படக் கூடாதென்றுதான் இதற்குள் வைக்கிறேன். நீ உடனே பிரித்துவிடுவாய் என்று தெரியும்.” கீழே, எண் மட்டும் கரைந்துபோன தேதிக்குப் பக்கத்தில்: “பிள்ளைக்குத் தசரா லீவுதானே. அவளையும் கூட்டிக்கொண்டு வா.” கடைசி ஓரத்தில்: “நீ வந்து நின்றால் போதும். வரவில்லையென்றால் உனக்கும் அத்தான் மனசுதான் என்று எடுத்துக்கொள்வேன். பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன்.”

தசரா அக்டோபரில் முடிந்துவிட்டது. நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனது கிறிஸ்துமஸுக்கு. நான் காகிதத்துக்கு வனஸ்பதி தடவிய அன்றைக்கு, அந்த வண்டி போய் இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பெட்டி அப்போது துடைத்த கண்ணாடிக்குப் பின்னால், படம் முன்னால் தெரியும்படி இருந்தது. மேஜையருகே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதே அம்மா இதை வாசித்திருக்கிறாள்.

காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். சமையலறையிலிருந்து அம்மா, “பஸ் வந்துட்டான்னு பாரு, ஒங்கப்பா வருவாக” என்று கூப்பிட்டாள். அப்பாவின் பழைய கேலியை இப்போது அம்மாவும் எடுத்துக்கொண்டிருந்தாள். வந்துட்டு என்று பதில் சொன்னேன்.

கேலிக்குத் தவிர, தப்பாக ஒரு சொல்லும் பேசாதவள் அம்மா. பத்து நாள் அந்தப் பிளாட்பாரத்தில் அவள் சொன்னது வண்டியை இல்லை.