விரதம் இருந்த பூனை

எங்கள் வீட்டுப் பூனை ஒன்றரை வருஷம் கயிற்றில் கிடந்தது. கன்றுக்குட்டிக்குக் கட்டும் கயிறு. ஒரு முனை அடுப்படித் தூணில், மறு முனை அதன் கழுத்தில். எலி பிடிக்க வளர்த்த பூனையைக் கட்டிப்போட்ட வீடு எங்கள் மலையில், வளப்பூர் நாட்டு ஊர்களிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அப்போது நான் அந்த வீட்டுக்கு மருமகளாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

காரணம் என் மாமியாரின் வேண்டுதல். அவருடைய இளைய மகன், என் கொழுந்தன், பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். அவன் திரும்பும்வரை வீட்டில் யாரும் கவுச்சி தொடுவதில்லை என்று குலசாமி முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். "எங்க வாசப்படிக்கு உள்ள படுக்கிற அத்தன உசுருக்கும் இது பொருந்துமுங்க சாமி" என்று வேறு சொல்லிவிட்டார். நாய் வாசலில் படுப்பது, தப்பித்தது. பூனை அடுப்படியில் படுப்பது, மாட்டிக்கொண்டது. மறுநாளே அது ஒரு எலியைக் கவ்விக்கொண்டு வர, அத்தை பதறிப்போய்க் கட்டிவிட்டார்.

கொடுமைக்காரர் இல்லை அவர். தன் பங்குப் பாலை அதற்கு ஊற்றுவார். சாமைச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். நாய் களியும் மோரும் தின்று, காட்டில் அகப்பட்டதைக் கடித்துக்கொண்டு, திடமாகத்தான் இருந்தது. பூனைக்குத்தான் உடம்பில் ஒட்டவில்லை. மயிர் மங்கி உதிர்ந்தது. ஒரு வருஷம் கழித்து அவிழ்த்துவிட்டால் உரலில் போய் முட்டியது. நாய் தானியத்தில் ஓரளவு காலம் தள்ளும், பூனைக்கு மாமிசம் இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும், போன பார்வை திரும்பாது என்று இப்போது என் பேத்தியின் பூனையைப் பார்க்கிற டாக்டர் சொல்கிறார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

கவுச்சிதானே வீட்டுக்குள் வரக்கூடாது, பூனை வெளியே போகலாமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அத்தை காட்டுக்குப் போனதும் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பலா மரத்தடிக்குப் போவேன். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையிலிருந்து வாங்கி வந்த கருவாட்டில் தலைகளைப் பக்கத்து வீட்டு அக்கா எனக்கென்று ஒதுக்கி வைப்பாள். பூனை உறுமிக்கொண்டே தின்னும். நாற்றம் போக வாயைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டிவைப்பேன். இரண்டு மாதத்தில் மயிர் பளபளத்தது. "சாமி கண்ணத் தொறந்துட்டாரு, நம்ம பையனும் வந்துருவான்" என்று அத்தை பூரித்தபோது நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

ஐப்பசியில் பட்டாளத்துக் காகிதம் வந்தது. மணியக்காரர் படித்துச் சொன்னார். கொழுந்தன் இறந்துவிட்டான்.

அத்தை அழவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து பூனைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, இதுக்கு யாராச்சும் கவுச்சி போட்டீங்களா? நெசத்தச் சொல்லு."

"இல்லீங்க அத்தை."

என் முகத்தையே பார்த்தார். நம்பிவிட்டார். "அப்ப நாம ஒண்ணும் தப்புப் பண்ணல. சாமிதான் ஏமாத்திப்போடுச்சு" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார்.

அதன்பிறகு வெகுகாலம் இருந்தார், ஒரு நாள்கூடக் குலசாமி கோயிலில் கால் வைக்கவில்லை. பொங்கல் வைக்க எல்லோரும் போகும் நாளில் தனியாகக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு பூனை தின்ற கருவாட்டால் எங்கோ ஒருவன் சாவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், என்னை ஆயுசுக்கும் திட்டிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார். என் தலை தப்புவதற்காக அவருடைய சாமியைப் பறித்துவிட்டேன்.