கலெர்வோவின் தொள்ளாயிரத்து அறுபத்தேழாவது நாள்

பின்லாந்தின் கயானி நகரில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் கலெர்வோ, காலை முழுவதும் சம்பளம் வாங்கிக்கொண்டு பனியைத் தள்ளுவார். மதியத்துக்கு மேல் சொந்தப் பெட்ரோலைச் செலவழித்துக் காட்டுக்குப் போய்ப் பனியைத் தோண்டுவார். இரண்டாவது வேலையைத்தான் அவர் பொறுப்பான வேலை என்று கருதினார்.

ஜியோகேச்சிங் என்னும் அந்தத் தொண்டு எளிமையானது. ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்து, டப்பாவுக்குள் இருக்கும் சின்ன நோட்டில் தேதி போட்டுப் பெயர் எழுதிவிட்டு, "கண்டேன்" என்று இணையத்தில் அறிவிப்பார்கள். டப்பாக்காரர் நோட்டையும் இணையத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, நோட்டில் பெயர் இல்லாதவரை அழித்துவிடுவார். யாருக்கும் இதில் ஐந்து காசு லாபமில்லை. அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு.

கலெர்வோவின் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் முடிந்த காரியங்கள் குறைவு. அக்கார்டியன் வாத்தியத்தில் ஒரே பாட்டின் முதல் பாதி மட்டும் வரும். வீட்டுக்குப் பின்னால் அவர் கட்ட ஆரம்பித்த சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குப் பதினோரு வருடமாகக் கூரை இல்லை. அந்த ஊரில் குளிக்கப் பக்கத்து வீட்டு சவுனாவுக்குப் போகிறவன் எத்தனை நாள் தலைநிமிர்ந்து நடக்க முடியும்? ஆனால் நாளுக்கு ஒரு டப்பா என்று தொள்ளாயிரத்துத் தொண்ணூறு நாள் விடாமல் கண்டுபிடித்திருந்தார். அவர் பாதியில் விடாத ஒரே காரியம் அது. "நான் ஒரு டப்பாக்குள்ள போய்ப் படுத்துக்கறேன், அப்பவாச்சும் தேடி வருவியா?" என்று மனைவி எய்லா கேட்டபோது, "எண்கள அனுப்பு" என்றார்.

இதில் ஒரே ஒரு நாள் மட்டும் தொண்டையில் மீன்முள். ஜனவரி பதினான்கு, தொள்ளாயிரத்து அறுபத்தேழாவது நாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. குளிர்காலத்திலும் கிடைக்கும் என்று பனிப்பூ அடையாளம் போட்டு சில்வி என்பவள் ஒளித்துவைத்திருந்த டப்பாவைத் தேடிப் போனார். முன்னால் வந்தவர்களின் காலடித் தடத்திலேயே நடந்தார். தடம் ஒரு பைன் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தது. அவரும் சுற்றினார், தோண்டினார், விரல் மரத்துத் திரும்பினார். வீட்டில் சூப் குடித்துக்கொண்டே, "கண்டேன். அருமையான இடம். நன்றி" என்று போட்டுவிட்டார்.

தபால் இலாகாவில் முப்பது வருடம் முகவரி சரிபார்த்து ஓய்வு பெற்றவள் சில்வி. சனிக்கிழமை நோட்டைச் சரிபார்க்கப்போவதாக அவள் அறிவித்ததும் கலெர்வோவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அழித்தால் சங்கிலி அறும், கணக்கு மறுநாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே வெள்ளிக்கிழமை, பிப்ரவரி ஏழாம் தேதி, அன்றைய டப்பாவை வேலைக்குப் போகும் முன்பே முடித்துவிட்டு, மதியம் மண்வாரியும் பென்சிலுமாக அதே மரத்தடிக்குப் போனார். அந்தக் குளிரில் பேனா மை உறைந்துவிடும். பொய் எழுதவும் பென்சில்தான்.

ஒன்பதாவது குழியில் இருக்கும்போது பின்னால் பனிச்சறுக்குக் கட்டைகளின் சத்தம்.

"கெணறு வெட்டுறியா கலெர்வோ?" சில்வி கோலில் சாய்ந்து நின்றாள். "நாளைக்குப் புயலாம். அதான் இன்னைக்கே வந்தேன்."

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"சும்மா வர்றவன் ஒரு குழியோட நிறுத்துவான். போன மாசமே கண்டுபிடிச்சிட்டேன்னு போட்டியே. 'அருமையான இடம்'னு வேற."

"பேரெழுத மறந்துட்டேன்."

சில்வி பையிலிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்தாள். "இதுலயா?"

கலெர்வோ மண்வாரியைக் கீழே வைத்தார்.

"நவம்பர்லயே மூடி வெடிச்சுப்போச்சு. மாத்தலாம்னு எடுத்துட்டுப் போனேன். அப்புறம் இடுப்பு வலி. இணையத்துல 'இல்ல'ன்னு போட மறந்துட்டேன். இன்னைக்குத்தான் திரும்ப வைக்க வந்தேன்."

"அப்ப தைஸ்தோ? ஜனவரி மூணாந்தேதி கண்டேன்னு போட்டானே." தைஸ்தோ, டப்பா தேடுவோர் சங்கத்தின் தலைவர்.

"கண்டான், எங்க அடுப்படியில. நான் சரிபார்க்கப்போறேன்னு போட்டதும் செவ்வாக்கிழமை ஓடி வந்து ரெண்டு கப் காபி குடிச்சிட்டு, மூணாந்தேதின்னு எழுதிட்டுப் போனான். மத்த ரெண்டு பேரும் அப்படித்தான். மண்வாரியத் தூக்கிட்டுக் காட்டுக்கு வந்த மடையன் நீ ஒருத்தன்தான்."

"நீ அழிச்சிருக்கலாமே சில்வி?"

"டப்பாவ அலமாரில வச்சிக்கிட்டு காட்டுல இருக்குன்னு சொன்னவ நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அழிக்க? எழுது. உனக்கு ஒரு வரி விட்டுத்தான் வச்சிருக்கேன்."

நோட்டில் மூன்று பெயர்கள் வரிசையாக, கோணல் இல்லாமல், சூடான அறையில் எழுதிய கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பெயருக்குக் கீழே, மரியாதையாக ஒரு காலி வரி. கலெர்வோ அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலி வரியைத் தாண்டி, அடுத்த வரியில் எழுதினார்: பிப்ரவரி ஏழு, கலெர்வோ.

"பைத்தியமா உனக்கு? அடுத்த வாரம் ஆயிரம்னு தைஸ்தோ உன்ன மேடையேத்தப் போறான்."

"தெரியும்."

"நீ தேதிய மாத்தினா மத்தவங்களையும் கேப்பாங்க. என்னையும் கேப்பாங்க."

"அதுவும் தெரியும்."

சில்வி டப்பாவை மரக்கிளையில், பனிக்கு எட்டாத உயரத்தில் கட்டினாள். "அப்ப இணையத்துலயும் இங்கயே மாத்து. வீட்டுக்குப் போனா மாத்த மாட்ட. உன் சவுனாவ நான் பாத்திருக்கேன்."

போனை எடுத்தார். குளிரில் அது செத்திருந்தது.

காரில் ஏறி ஹீட்டரைப் போட்டார். பத்து நிமிடத்தில் கால் விரல்களுக்கு உயிர் வந்தது, போனுக்கும் வந்தது, கூடவே புத்தியும் வந்தது. டப்பாவே இல்லாத இடத்தில் தேடியவன் எப்படிப் பொய்யனாவான்? சில்வியின் இடுப்பை நினைக்க வேண்டாமா? சங்கத்தின் மானம் என்னாவது? சூடு ஏற ஏற ஒவ்வொன்றும் மிகவும் நியாயமாகப் பட்டது.

கலெர்வோ ஹீட்டரை அணைத்தார். ஜன்னலை முழுதாக இறக்கினார். கையுறையைக் கழற்றிவிட்டு, பல் தந்தியடிக்க, ஜனவரி பதினான்கை பிப்ரவரி ஏழு என்று மாற்றினார். விடாத நாள்களின் கணக்கில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்றிருந்த இடத்தில் இருபத்து நான்கு என்று வந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. தைஸ்தோ. கலெர்வோ எடுக்கவில்லை. மாற்றியதைத் திரும்ப மாற்றிவிடுவோமோ என்று பயந்து, ஜன்னலையும் மூடவில்லை.