மரத்துக்கு அந்தப் பக்கம்

அந்தக் குடியிருப்பில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள். அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்பு அவள் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். பாஸ்போர்ட் படங்களில் தலையின் ஓரத்தை முடி முடியாக வெட்டியெடுத்து, பின்னால் வெள்ளை போடுகிற வேலை. ஒரு முடி விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "யம்மா, அந்தாளு வெளிய நிக்கிறாரு. நீ முடிக்கிறதுக்குள்ள அவருக்கு மொட்டையே விழுந்துடும்" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கல்யாணப் படம் என்று வந்துவிட்டால் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். இப்போது அதே வேலையை அவள் வீட்டிலிருந்து செய்கிறாள்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். சொன்னபடி கேட்பது இடது கை மட்டும்தான். அந்தக் கையில் ஒரு ஸ்பூன், எட்டும் தூரத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர். இரண்டு தட்டு தட்டினால் "வா". ஒரு தட்டு என்றால் "எங்கே இருக்கே?" அநேகமாக ஒரு தட்டுதான். சமையலறையிலிருந்து "இங்கதாம்ப்பா" என்று குரல் கொடுக்க வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் கொடுக்க வேண்டும். ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஊட்டிய சோற்றை அவர் துப்பினார். கட்டிக்கொடுத்த அக்கா வெளியூரில். போனில் "நீ இல்லேன்னா அப்பா இல்லடி" என்பாள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அது கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டது போல இருக்கும்.

அவளுக்கு வெளியே போக இருந்த ஒரே இடம், கட்டடத்துக்குப் பின்னால் நின்ற பழைய மரம். டம்ளர் சத்தம் கேட்கும் தூரம். அப்பாவின் கட்டில் மாடியில் ஜன்னலோரம் கிடந்தாலும், அதிலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். மரத்துக்கு அந்தப் பக்கம், மதிலை ஒட்டிக் குந்திவிட்டால் அவள் யார் கண்ணிலும் பட மாட்டாள். அப்பா கண்ணசந்ததும், முதலாளி கழித்துக்கொடுத்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் பொடிசும் பூதாகாரமாகத் தெரியும் என்பது ஸ்டூடியோவில் கற்ற வித்தை. மழை விட்டதும் பட்டையின் வெடிப்புகளில் பொடிப்பொடிக் காளான்கள் தலைநீட்டும். குண்டூசித் தலை போல ஒன்று, காது மடல் போல ஒன்று, காய்ந்த ஆரஞ்சுத் தோல் போல ஒன்று. இதில் லென்ஸின் வளையத்தைத் திருகிப் பிரயோஜனமில்லை. உடம்பையே முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்த வேண்டும். மூச்சு விட்டால் போச்சு. காளானின் முன் ஓரம் துல்லியமானால் பின் ஓரம் புகையாகிவிடும்; அதனால் இம்மி இம்மியாக நகர்ந்து பல படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்ப்பாள். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடிதான் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற கருவி. குடைக்கடியில் இருக்கும் மடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம், அப்படி இருக்கும் ஒவ்வொரு படமும். "என் தங்கச்சி எடுத்ததுன்னு எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். ஒருத்தரும் நம்பலடி!" என்றாள் அக்கா.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் சில படங்களைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "நம்ம மரத்தில்" என்று மட்டும் எழுதினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது.

மறுநாள் குடியிருப்புச் செயலாளர் படியேறி வந்தார்.

"ஏம்மா பூதக்கண்ணாடி, தட்டு தட்டா காளான் முளைச்சிருக்கே, இத்தனை நாளா சொல்லவேயில்ல?"

"தட்டெல்லாம் இல்ல சார். கடுகுதான் இருக்கும்."

"போட்டோவுல பார்த்தேனே! கீழ்வீட்டம்மா கார் அதுக்கடியிலதான் நிக்கும். உளுத்த மரம் விழுந்தா யாரு பதில் சொல்றது? வெட்டிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஒரு நிமிஷம் கீழ வந்து பாருங்க சார்."

"அந்தச் சேத்துலயா? என் முட்டி இருக்கிற இருப்புக்கு மரம் விழறதுக்கு முன்னாடி நான் விழுந்துடுவேன்."

உள்ளே டம்ளர் ஒலித்தது. "இங்கதாம்ப்பா" என்று அவள் திரும்புவதற்குள் செயலாளர் இறங்கிவிட்டார்.

அன்று அப்பா கண்ணசந்ததும் ஒரு சிட்டிகை கடுகோடு ஓடினாள். படத்துக்குள் வேறொரு பொருளை வைப்பது அவளுக்குப் பிடிக்காது. என்றாலும், இருந்ததிலேயே பெரிய காளானுக்குப் பக்கத்தில் ஒரு கடுகை ஒட்டவைத்து எடுத்து அனுப்பினாள். படத்தில் கடுகு கால்பந்து மாதிரி நின்றது. "இதுக்கா ராத்திரி காரை ரோட்டுல விட்டேன்?" என்று கீழ்வீட்டம்மா சிரித்து எழுதினாள். "சரி, எதுக்கும் மரம் வெட்றவர் ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் செயலாளர். மரம் தப்பிவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

மரம் வெட்டுபவர் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். மதில் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. காலிக் குடத்தைத் தட்டியது போல இருந்தது. குனிந்து எதையோ எடுத்து நீட்டினார்.

"இது யாரோடதும்மா?"

லென்ஸ் மூடி.

"என்னோடதுதான்."

"இது எது மேல இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

பார்த்தாள். வேருக்குச் சற்று மேலே, முறம் அகலத்துக்கு, மரத்தின் நிறத்திலேயே ஒரு காளான் புடைத்துக்கொண்டிருந்தது. தினமும் அதன்மேல்தான் மூடியைக் கழற்றி வைப்பாள். பட்டையின் முண்டு என்று நினைத்திருந்தாள். லென்ஸுக்குள் அடங்காததை அவள் கண் ஒரு நாளும் தேடியதில்லை.

"மேல இருக்கிற பொடிசெல்லாம் பாவம், ஒண்ணும் செய்யாது. இது உள்ள பூந்து நெஞ்சையே தின்னுடுச்சு. அடுத்த காத்துக்குத் தாங்காது."

அவள் மூடியை வாங்கிக்கொண்டாள். "இடுப்பு உயரத்துக்கு மட்டும் விட்டுடுங்கண்ணே" என்றாள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது யாரு மேலயும் விழாது. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வெட்டிய அன்று ரம்பச் சத்தத்துக்கு மிரண்டு அப்பா டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவளால் கட்டிலைவிட்டு நகர முடியவில்லை. அவர் கையைப் பிடித்தபடி, ஜன்னலில் கிளை கிளையாக இலை குறைவதைப் பார்த்திருந்தாள். கடைசிக் கிளையும் போனதும் வெயில் கட்டில்வரை வந்தது. அப்பா கழுத்தை எக்கி வெளியே பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு கோணலாக ஓடியது.

அடுத்த மழை விட்டதும் அவள் இறங்கினாள். அடிமரத்துக்கு அந்தப் பக்கம், பழைய இடத்திலேயே குந்தினாள். வெடிப்பில் புதிதாக ஒரு பொடிசு தலைநீட்டியிருந்தது. மூச்சைப் பிடித்து நகர்ந்தாள். மாடியிலிருந்து வரப்போகும் ஒரு தட்டுக்காகக் காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. இன்னொரு படம் எடுத்தாள். அப்போதும் வரவில்லை.

பயந்துபோய் நிமிர்ந்தாள். ஜன்னலில் அப்பா நன்றாக விழித்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் கையில் சும்மா கிடந்தது. தலையணையில் சாய்ந்தபடி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ.

அவள் மெல்ல மறுபடியும் குனிந்தாள். உச்சந்தலையில் வெயிலோடு அந்தப் பார்வையும் சுட்டது. மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். லென்ஸுக்குள் காளான் ஆடிக்கொண்டே இருந்தது.

"இங்கதாம்ப்பா" என்றாள், யாரும் கேட்காமலே.